அங்க ஆள் இருக்கு

பெரியவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் காலை ஏழு மணிக்குத் தம்பிக்கு ஃபோன் செய்து சொன்ன பொய் திக்கித் திணறித்தான் வந்தது.

"அப்பாவை இன்னைக்கு ஒரு நாள் உன்கூட வெச்சுக்கோடா. வந்து... பிபி பார்க்கணும். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"நேத்துதானேக்கா பார்த்தீங்க? நீதானே நார்மல்னு மெசேஜ் போட்ட?"

"இன்னொரு தடவை பார்த்தா குறைஞ்சா போயிடும்? எட்டு மணிக்கு வந்துடு."

ஃபோனை வைத்துவிட்டாள். தம்பி மேற்கொண்டு கேட்டிருந்தால் அடுத்த பொய் அவளிடம் தயாராக இல்லை.

இந்தக் குடும்பத்தோடு சில வாரமாகக் கூடவே வருகிறவர்களுக்கு அவள் படபடப்பின் காரணம் தெரியும். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி.

பெரியவள் ஒரு மையத்தின் ஒருங்கிணைப்பாளர். நகரசபைக்குச் சொந்தமான ஒரே கட்டடத்தில் இடப்பக்கம் குழந்தைகள் காப்பகம், வலப்பக்கம் முதியோர் பகல் மையம். ஐந்து வருடத்துக்கு முன்னால் நடுச் சுவரை இடித்து அதை ஒரு பெரிய கூடமாக ஆக்கினார்கள். அன்றிலிருந்து இருபத்திரண்டு பிள்ளைகளும் பத்தொன்பது பெரியவர்களும் தினமும் இரண்டு மணி நேரம் அங்கே கலந்து இருக்கிறார்கள். இப்போது நகரசபைக்கு அந்தக் கூடத்தின் மேல் கண். பழைய கோப்புகளை அடுக்க இடம் வேண்டுமாம். 'மையங்களின் கூட்டமைப்பு தரும் தரச் சான்றை வாங்கினால் கூடம் இருக்கட்டும், இல்லையென்றால் வருடக் கடைசியில் சுவரை எழுப்பிவிடுவோம்' என்று கடிதம் வந்திருந்தது. சான்றுக்கு விண்ணப்பித்து ஆறு வாரம் ஆகிறது. மதிப்பீட்டாளர் வருவது இன்று.

இனி அப்பா. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. நாலு மாதத்துக்கு முன்னால் அடுப்பை மூட்டி வைத்ததை மறந்து அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார். பெரியவளின் கணவருக்கு வெளியூரில் வேலை. அப்பாவை வீட்டில் தனியாக விட முடியாமல், அன்றிலிருந்து தினமும் தன்னோடு மையத்துக்கு அழைத்து வருகிறாள்.

வருகிறார். ஆனால் கூடத்துக்குள் மட்டும் காலடி எடுத்து வைக்க மாட்டார்.

"குழந்தைங்களுக்கு வேடிக்கை காட்ட நான் என்ன கூண்டுக்குள்ள இருக்கற கரடியா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டார். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பார். மையத்தில் எல்லோரும் அவரை 'கிரேன் ஐயா' என்பார்கள். அவர் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

விண்ணப்பத்தின் மூன்றாவது கேள்வி: 'எத்தனை விழுக்காட்டினர் முழுமையாகப் பங்கேற்கிறார்கள்?' பெரியவள் அதில் 'நூறு' என்று எழுதியிருந்தாள்.

அப்பாவின் பெயர்தான் பதிவேட்டிலேயே இல்லையே.

*

சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். அவனுடைய வேனில் பின்சீட் கிடையாது. அந்த இடம் முழுக்க கம்பிவடமும் கிரீஸ் டப்பாவும்தான். அப்பா முன்சீட்டில் மடியில் கைகளை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி வந்தார்.

"டாக்டர் வீடு இந்தப் பக்கம் இல்லையே."

"முதல்ல ஒரு லிஃப்டைப் பார்த்துட்டுப் போயிடலாம்பா. மூணாவது மாடியில கதவு மூட மூடத் திறந்துக்குதாம்."

"சரி."

கொஞ்ச தூரம் போனதும் அப்பா கேட்டார்.

"உங்க அக்கா ஆபீஸ்ல இன்னைக்கு என்ன?"

சின்னவனுக்கு அக்கா அளவுக்குக்கூடப் பொய் வராது. "ஏதோ ஆய்வுன்னு போன வாரம் சொல்லிட்டிருந்தா. பெரிய அதிகாரி ஒருத்தங்க..." என்று ஆரம்பித்தவன், வாயை மூடுவதற்குள் வண்டி சிவப்பு விளக்கில் நின்றுவிட்டது. அங்கே தப்பிக்க வழியே இல்லை.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"விருந்தாளி வர்ற அன்னைக்கு, கால் உடைஞ்ச நாற்காலியைத் தூக்கிப் பின்கட்டுல போடுவாங்க. அந்த மாதிரி."

"அப்படியெல்லாம் இல்லப்பா."

"நான் கோபமா சொல்லலடா. நல்ல வீட்டுல செய்யறதுதான். சிக்னல் விழுந்துடுச்சு, எடு."

அடுக்குமாடி வாசலில் காவலாளியின் நாற்காலி காலியாக இருந்தது. அப்பா அதில் உட்கார்ந்தார். சின்னவன் மேலே போய், எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, கடைசியில் கதவு சென்சாரின் கண்ணில் படிந்திருந்த ஒட்டடையைத் துடைத்துவிட்டுக் கீழே வந்தான். மணி பத்தரை தாண்டியிருந்தது. அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அந்தப் பாப்பாகிட்ட சொன்னாளாமா?"

"எந்தப் பாப்பா?"

"பெஞ்சுல உட்காரும். நான் இன்னைக்கு வர மாட்டேன்னு அதுகிட்ட யாராவது சொன்னாங்களா?"

சின்னவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாப்பா, பெஞ்சு, எதுவுமே அவன் கேள்விப்பட்டதில்லை. அக்காவுக்கு ஃபோன் போட்டான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். மறுபடியும் அதே கதை.

"ஆய்வு நடக்குது போலிருக்கு, எடுக்க மாட்டேங்கறா."

"அப்ப வண்டியை எடு."

"டாக்டர்?"

அப்பா அவனைப் பார்த்த பார்வையில் டாக்டர் பேச்சு அதோடு முடிந்தது.

*

மதிப்பீட்டாளர் பெரிய காரில், கூட இரண்டு பேரோடு வருவார் என்று பெரியவள் நினைத்திருந்தாள். வந்தவரோ பஸ்ஸில் வந்து இறங்கினார். ஐம்பது வயதுப் பெண்மணி. குள்ளமான உருவம், தட்டையான செருப்பு, தோளில் துணிப்பை, கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். டீ வேண்டுமா என்று கேட்டதற்கு, "எல்லாரும் குடிக்கும்போது குடிக்கறேன்" என்றார்.

கூடத்தில் வரவேற்புப் பாட்டுக்கு ஏற்பாடு. பத்தொன்பது பெரியவர்களும் நாற்காலியில் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் காகிதப்பூவோடு ஒரு பிள்ளை நின்றது. இரண்டு வாரமாக ஒத்திகை பார்த்த நிகழ்ச்சி.

மதிப்பீட்டாளர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது தினமும் நடக்குமா?"

"இல்ல... உங்களுக்காக."

"தப்பா நினைச்சுக்காதீங்க. செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு வழக்கமா என்ன செய்வீங்களோ, அதைச் செய்யுங்க. நான் ஓரமா நின்னுக்கறேன்."

பெரியவளுக்கு முகம் விழுந்துவிட்டது. அவளைவிட அதிகமாக விழுந்தது முன்வரிசையில் இருந்த பியூட்டி அம்மாளின் முகம். ஒரு காலத்தில் அழகு நிலையம் வைத்திருந்தவர். இந்தப் பாட்டுக்காக நேற்று தலைக்குச் சாயம்கூடப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"அப்ப இந்தத் தலைக்கு என்ன பதில்?" என்று அவர் சத்தமாகவே கேட்டார்.

"தலை ரொம்ப நல்லா இருக்கு. அதையும் எழுதிக்கறேன்" என்றார் மதிப்பீட்டாளர். கூடம் சிரித்தது. பெரியவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை துணி மடிக்கும் நாள். காப்பகத்துப் பிள்ளைகள் மதியம் தூங்கும் விரிப்புகள் துவைத்து உலர்ந்து மூட்டையாக வந்திருந்தன. ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையில் ஒரு பெரியவர், மறுமுனையில் ஒரு பிள்ளை. நாலு மூலையையும் பிடித்து இழுத்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து நடுவில் மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எட்டாத பிள்ளைகள் முக்காலியில் ஏறிக்கொண்டன. பிடிக்கத் தெரியாமல் ஒரு மூலை கீழே விழுந்தால், "விட்டுட்டீங்க தாத்தா!" என்று பிள்ளை அதட்டும். "நீ விட்டியா நான் விட்டேனா?" என்று அவர் திருப்பிக் கேட்பார்.

மதிப்பீட்டாளர் ஓரமாக நின்று இருபது நிமிடம் பார்த்தார். எதையும் எழுதவில்லை. பெரியவள் அவர் கையில் இருந்த மூடிய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த யோசனை யாரோடது?" என்று அருகில் இருந்தவரிடம் கேட்டார். அவர் ஓய்வு பெற்ற கோர்ட்டு எழுத்தர்.

"எங்களோடதுதான். மொதல்ல எந்நேரமும் பாட்டுதான். பாடிப் பாடித் தொண்டையே கட்டிப் போச்சு. வேலை ஏதாவது குடுங்கன்னு நாங்க மனு எழுதிக் குடுத்தோம். பதினொண்ணு பேர் கையெழுத்து."

"மனுவா?"

"தேதி போட்டு. நகல் இருக்கு, பார்க்கறீங்களா?"

இப்போதுதான் மதிப்பீட்டாளர் பேனாவைத் திறந்தார்.

பெரியவளின் மேசை டிராயருக்குள் அவள் ஃபோன் இரண்டாவது தடவையாகச் சத்தமில்லாமல் அதிர்ந்து ஓய்ந்தது.

*

கழிவறை எங்கே என்று கேட்டுக்கொண்டு மதிப்பீட்டாளர் தாழ்வாரத்துக்கு வந்தார். பெரியவள் பின்னாலேயே போனாள்.

தாழ்வாரத்துக்கும் கூடத்துக்கும் நடுவே பெரிய கண்ணாடிக் கதவு. அதற்கு எதிரே சுவரோரமாக ஒரு மரப் பெஞ்சு. அதன் இடது ஓரத்தில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது. ஆளைப் பார்த்தால் ஒரு கைப்பிடிதான் இருக்கும். அதனால் காப்பகத்தில் எல்லோருக்கும் அவள் 'பட்டாணி'. வீட்டில் வாய் ஓயாதாம், அவள் அம்மா சொல்லுவாள். இங்கே சேர்ந்து மூன்று மாதமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. டீச்சர்கள் கூப்பிட்டும் பார்த்தார்கள், தூக்கிக்கொண்டும் பார்த்தார்கள். கூடத்தின் வாசலைத் தாண்டினால் உடம்பே விறைத்துப் போகும். பிறகு விட்டுவிட்டார்கள்.

பெஞ்சின் ஒரு முனையில் பட்டாணி, மறுமுனையில் கிரேன் ஐயா. மூன்று மாதமாக அப்படித்தான். இவரும் பேச மாட்டார், அவளும் பேச மாட்டாள்.

இன்று மறுமுனையில் கிரேன் ஐயா இல்லை. அந்த இடத்தில் பட்டாணியின் ஒரு ஷூ இருந்தது. ஒற்றை ஷூ. மற்றது அவள் காலில்.

மதிப்பீட்டாளர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஷூவை மெதுவாக நகர்த்தி அங்கே உட்காரப் போனார்.

"அங்க ஆள் இருக்கு."

குரல் தெளிவாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரத்தில் துண்டு போட்டு இடம் பிடித்தவர் சொல்வது போலவே இருந்தது. கண்ணாடிக் கதவருகே நின்றிருந்த காப்பக டீச்சர் கையில் இருந்த விரிப்பைக் கீழே போட்டுவிட்டாள்.

மதிப்பீட்டாளருக்கு அது இந்தக் குழந்தை இங்கே பேசும் முதல் பேச்சு என்று எப்படித் தெரியும்? சாதாரணமாகக் கேட்டார்.

"அப்படியா? எங்க அந்த ஆள்?"

"வருவாங்க."

பட்டாணி மறுபடி கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பேச்சு முடிந்தது.

மதிப்பீட்டாளர் பெரியவளைப் பார்த்தார். "யாரு வருவாங்க?"

பெரியவளின் வாயில் ஒரு பதில் முந்திக்கொண்டு வந்தது. "யாராவது பார்வையாளரா இருக்கும். இங்க வந்து போறவங்க நிறைய..."

"சரி." மதிப்பீட்டாளர் பையிலிருந்து தாளை எடுத்தார். "அப்ப இங்கேயே நின்னு ஒரு கேள்வியை முடிச்சுடலாமா? பன்னிரண்டாவது. ஒருத்தர் வர மாட்டேன், வேண்டாம்னு சொன்னா நீங்க என்ன செய்வீங்க?"

இந்தக் கேள்விக்குப் பெரியவள் பதிலை எழுதி மனப்பாடமே செய்திருந்தாள். 'தனிப்பட்ட கவனம் செலுத்தி, ஆர்வத்தைத் தூண்டி, படிப்படியாக...' முதல் மூன்று சொல் வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் கண் அந்த ஒற்றை ஷூவின் மேல் போய் விழுந்தது. வெல்க்ரோ பட்டை பிரிந்து, வாயைத் திறந்தபடி, வாசலைப் பார்த்துக் கிடந்தது. நாலு வயதுப் பிள்ளை ஒரு மனிதருக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறது. அந்த இடத்தைக் காலி செய்தது யார்?

"அது எங்க அப்பா" என்றாள் பெரியவள்.

மதிப்பீட்டாளர் காத்திருந்தார்.

"அவர் கூடத்துக்குள்ள வர மாட்டார். நாலு மாசமா இந்தப் பெஞ்சுதான். பதிவேட்டுல அவர் பேரை எழுதல. எழுதினா நூறுன்னு போட முடியாது. இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு... தம்பிகூட வெளிய அனுப்பிட்டேன். இந்தக் குழந்தையும் உள்ள வராது. இவளை 'பார்வையாளராகப் பங்கேற்கிறார்'னு எழுதியிருக்கேன். அதுவும் சரியில்ல."

சொல்லிவிட்டாள். சுவர் எழும்புகிற சத்தமே கேட்டது போல இருந்தது.

மதிப்பீட்டாளர் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. மூன்றாவது கேள்விக்குப் போய் 'நூறு' என்பதை ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்.

"அவர் எப்ப வருவார்?"

"இன்னைக்கு வர மாட்டார்" என்று பெரியவள் சொல்லும்போதே வாசலில் சின்னவனின் வேன் கடகடவென்று வந்து நின்றது.

*

அப்பா யாரிடமும் எதுவும் பேசவில்லை. வழக்கம்போலச் செருப்பை ஓரமாக விட்டார், நடந்து வந்தார். பட்டாணி ஷூவை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டாள். அவர் உட்கார்ந்தார். இருவரும் கண்ணாடிக் கதவு வழியாகக் கூடத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவ்வளவுதான். வந்தீர்களா என்று அவளும் கேட்கவில்லை, வந்துவிட்டேன் என்று அவரும் சொல்லவில்லை.

பின்னாலேயே வந்த சின்னவன் அக்காவைப் பார்த்து, 'நான் ஒன்றும் செய்யவில்லை' என்று இரண்டு கைகளையும் விரித்தான்.

மதிப்பீட்டாளர் உள்ளே போய் ஒரு குட்டி நாற்காலியைத் தூக்கி வந்தார். பிள்ளைகள் உட்காரும் நாற்காலி. அதைப் பெஞ்சுக்கு எதிரே போட்டு, முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட கொஞ்சம் கேக்கலாமா?"

"கேளுங்க."

"இங்க எல்லாம் எப்படி நடக்குது?"

அப்பா யோசித்தார். "துணி மடிக்கறது நல்லா நடக்குது. பாட்டு நல்லா இல்ல. சுருதி சேரல." பியூட்டி அம்மாள் இதைக் கேட்கவில்லை என்பது எல்லோருக்கும் நல்லது.

"நீங்க உள்ள போறதில்லையாமே?"

"இல்ல."

"வேண்டாம்னு சொன்னப்ப இவங்க என்ன செஞ்சாங்க?"

"மூணு நாள் கூப்பிட்டாங்க. ஒரே தொல்லை. நாலாவது நாள் இந்தப் பெஞ்சைக் கொண்டாந்து இங்க போட்டாங்க. முன்னாடி அது அந்தக் கடைசியில, தண்ணித் தொட்டிகிட்ட கிடந்துச்சு. அங்கேருந்து பார்த்தா சுவர்தான் தெரியும். இங்கேருந்து கூடம் முழுக்கத் தெரியுது."

"யார் கொண்டுவந்து போட்டாங்க?"

அப்பா மகளைக் கையால் காட்டினார். "இவங்கதான். தனியா இழுத்துக்கிட்டு வந்தாங்க. தரையில கோடுகூட விழுந்துச்சு."

பெரியவள் அதை மறந்தே போயிருந்தாள். அன்று அவளுக்கு அப்பாவின் மேல் ஆத்திரம். எங்கேயாவது உட்காரட்டும், கண்ணில் பட்டால் போதும் என்று இழுத்துப் போட்டதுதான் அந்தப் பெஞ்சு.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் யாரும் கூப்பிடல. டீ மட்டும் இங்க வரும். ரெண்டு கப். எனக்கு டீ, இந்தப் பாப்பாவுக்குப் பால். ஆனா இன்னைக்கு என்னை வெளிய அனுப்பி வெச்சாங்க. அதையும் எழுதிக்குங்க. அது சரியில்ல."

"எழுதியாச்சு. அவங்களே சொல்லிட்டாங்க."

அப்பா முதல் தடவையாக மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி கண்ணாடியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிளம்பும்போது மதிப்பீட்டாளர் வாசல் வரை அப்பாவோடு தனியாக நடந்தார். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுப்பதும், அப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைப்பதும் மட்டும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

பெரியவளிடம் மதிப்பீட்டாளர் சொன்னது இவ்வளவுதான்: "முடிவு குழுவோடது. மூணு வாரம் ஆகும். அந்தப் பன்னிரண்டாவது கேள்விக்கு நீங்க எழுதியிருந்த பதிலை எடுத்துட்டேன். அதைவிட நல்ல பதில் தாழ்வாரத்துல இருக்கு."

*

மாலை ஆறு மணிக்கு வீட்டில் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சின்னவன் டீயைச் சத்தமாக உறிஞ்சினான். மற்ற நாளாக இருந்தால் பெரியவள் திட்டியிருப்பாள்.

"தப்புப் பண்ணிட்டேன்பா."

"ம்."

"திட்டணும்னா திட்டிடுங்க. இப்படி 'ம்'னு மட்டும் சொல்லாதீங்க."

அப்பா கப்பைக் கீழே வைத்தார். "என்கிட்ட கேட்டிருந்தா நானே போயிருப்பேன்மா. ஒரு நாள்தானே. நீ பிபின்னு சொன்ன பாரு, அதுதான் கொஞ்சம் இடிச்சுது."

பெரியவள் மேசைத் துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"நீ நினைக்கற மாதிரி எனக்கு அவங்களைப் பிடிக்காம இல்ல" என்றார் அப்பா. "முப்பத்தொரு வருஷம் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள்ள தனியா உட்கார்ந்து கீழ பார்த்துக்கிட்டே இருந்தவன். கீழ நூறு பேர் வேலை செய்வான். ஒருத்தன்கூடயும் பேசினதில்ல. ஆனா யார் எங்க நிக்கறான், யாருக்கு உடம்பு சரியில்ல, எவன் எவன்கூடச் சண்டை, எல்லாம் தெரியும். நான் அவங்ககூடதான் இருந்தேன். உங்க அம்மாவுக்கு மட்டும்தான் அது புரிஞ்சுது."

"பட்டாணியும் அப்படித்தானாப்பா?" என்றான் சின்னவன். இன்றுதான் கேள்விப்பட்ட பெயர், அதற்குள் வீட்டுப் பெயராகிவிட்டது.

"அது அப்படி இல்ல. அது ஒரு நாள் எழுந்து உள்ள போயிடும். இன்னும் பார்த்து முடிக்கல, அவ்வளவுதான்."

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மா போன பிறகு அப்பா இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசியதில்லை.

அப்பா சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தார். "கண்ணாடி உள்ள இருக்கு. என்னன்னு படி. அந்த அம்மா வேகமா சொன்னாங்க, பாதிதான் காதுல விழுந்துச்சு. மத்த ஊர்ல இருக்கற மையங்களை எல்லாம் போய்ப் பார்க்கற குழுவுல, என்னை மாதிரி ஒரு ஆள் வேணுமாம்."

"என்னை மாதிரின்னா?" என்றான் சின்னவன்.

"வேண்டாம்னு சொல்ற ஆள்." அப்பாவின் மீசை ஓரம் லேசாக அசைந்தது. "எல்லாரும் தலையாட்டறாங்களாம். ஆட்டாத ஆள் ஒருத்தர்கூட இல்லையாம். மாசம் ரெண்டு தடவை, பஸ்ல கூட்டிட்டுப் போவாங்களாம். ஓரமா உட்கார்ந்து பார்த்துட்டு, பார்த்ததைச் சொன்னா போதுமாம்."

"சரின்னு சொல்லிட்டீங்களா?"

"திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பணும்." கையால் மேசையைத் தடவினார். "அந்த நீலச் சட்டை இருக்குல்ல? பொத்தான் ஒண்ணு போயிருக்கு."

நீலச் சட்டை அம்மா எடுத்துக் கொடுத்தது. இரண்டு வருடமாக அலமாரியைவிட்டு வெளியே வரவில்லை. சின்னவன் அக்காவைப் பார்த்தான். கேட்டியா என்று அவன் புருவம் கேட்டது.

பெரியவள் அவனைப் பார்க்கவில்லை. தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் விதி வயது பற்றியது. இரண்டாவது பயணம் பற்றியது. மூன்றாவது விதியில் அவள் கண் நின்றது. அதை இரண்டு முறை படித்தாள்.

"என்னம்மா எழுதியிருக்கு?"

மறைத்துவிடலாம். அப்பாவின் கண்ணாடி உள்ளே இருக்கிறது. 'எல்லாம் வழக்கமான விதிதான்பா, போடுங்க' என்று சொன்னால் போட்டுவிடுவார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த மனிதர் ஒன்றுக்குச் சரி என்று சொல்லப் போகிறார். அதைக் கெடுக்க வேண்டுமா?

"படிக்கறேன், கேளுங்க" என்றாள். குரல் சீராகத்தான் வந்தது. "மூணாவது விதி. 'குழுவில் சேர்கிறவரின் நெருங்கிய உறவினர் நடத்தும் மையத்தின் விண்ணப்பம் நடப்பு ஆண்டில் பரிசீலிக்கப்படாது. அது அடுத்த ஆண்டுக்கு மாற்றப்படும்.'"

சின்னவனின் கப் பாதி வழியில் நின்றது. "அப்ப வருஷக் கடைசியில அந்தச் சுவர்?"

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"நீ அந்த மூணாவதைப் படிக்காம விட்டிருக்கலாம்" என்றார் அப்பா.

"விட்டிருக்கலாம்."

"ஏன் விடல?"

பெரியவள் எழுந்து மூன்று கப்பையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

"இன்னைக்குக் காலைல ஒரு பொய் விட்டாச்சுப்பா. ஒரு நாளைக்கு அது போதும்."

சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அப்பா கையை நீட்டித் தாளைத் தன் பக்கம் இழுத்தார். கண்ணாடி இல்லாமலே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தேடிக் கண்டுபிடித்தார். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பேனா வேணுமாப்பா?" என்றான் சின்னவன்.

"இரு" என்றார் அப்பா.